வழுவும் விழிப்பும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையிலே மொழியைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் சமுதாயத்தைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கின்றீர்கள். பல்கலைக்கழகத்தில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் எம்மை அழைத்து, "நீங்கள் கற்பதைப் பற்றியே பேசுங்கள்" என்று செயற்குழுவினர் பணித்தனர். ஆகவே கணினிச் செய்நிரலில் வழு ஒன்று நேர்ந்தால் அதனைக் கண்டுபிடிப்பதற்கு, அச்செய்நிரலின் மாறிகள் கொள்ளும் பெறுமானங்களை இடையிடையே நோக்குவது எப்படி, ஏன் என்பதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றோம். தலைப்பைக் கேட்டதும், "இது கணினி படிக்கும் பிள்ளைகளுக்கு உரியது, எங்களுக்கென்ன?" என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு வேண்டுகின்றோம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலே வாழும் நமக்கு, இது மாதச் சம்பளத்தோடும் வருங்கால வைப்போடும் தொடர்புடைய செய்தி என்பதை முடிவிலே நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

முதலிலே சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். கணினி தானாகச் சிந்திப்பதில்லை. "இந்த எண்ணை எடு, அதனோடு அதைக் கூட்டு, பதினெட்டைவிடப் பெரிதாயின் இப்படிச் செய்" என்று நாம் வரிவரியாக எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியே செய்நிரல். அக்கட்டளைகள் நடைபெறும்போது எண்களையும் பெயர்களையும் எங்கேனும் வைத்துக்கொள்ள வேண்டுமல்லவா? அவ்வாறு வைப்பதற்குப் பெயரிட்டு ஒதுக்கிய இடமே மாறி. கொழுந்து மடுவத்திலே ஒரு கரும்பலகை தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் "மொத்தம்" என்று எழுதி, அருகே ஓர் எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றது. கொழுந்து நிறுக்கப்படுந்தோறும் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதுகின்றார்கள். "மொத்தம்" என்ற பெயர் மாறுவதில்லை. அதன் எண் மாறிக்கொண்டே இருக்கின்றது. அந்தப் பெயர் மாறிக்கு உவமை. அந்த நேரத்திலே அங்கு இருக்கும் எண் அதன் பெறுமானத்துக்கு உவமை. அந்திப் பொழுதில் வந்து பார்ப்பவருக்குக் கடைசி எண் மாத்திரமே தெரியும். இடையிலே எழுதி அழிக்கப்பட்டவை தெரியா. செய்நிரலிலும் நிலைமை இதுவே. கணினி ஒரு நொடியிலே கோடிக்கணக்கான முறை எழுதி அழித்து, ஈற்றில் ஒரே ஒரு விடையை நமக்குக் காட்டுகின்றது. அவ்விடை பிழையாயின், பிழை எந்த இடத்திலே புகுந்தது என்பதை விடையைப் பார்த்து அறிய இயலாது.

செய்நிரலில் உள்ள பிழைக்கு வழு என்று பெயர். ஆங்கிலேயர் இதனைப் பூச்சி என்னும் பொருள்படும் "பக்" என்ற சொல்லாற் குறிப்பர்; வழுவை நீக்கும் தொழிலை "டிபகிங்" என்பர். 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் திகதி, அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்து மார்க் இரண்டு என்னும் கணிப்பொறியின் உள்ளே ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டிருக்கக் கண்டு, அதனை எடுத்து நாட்குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி வைத்தார்கள் என்பது பலரும் அறிந்த கதை. ஆனால் இயந்திரப் பழுதைப் பூச்சி என்று கூறும் வழக்கம் அதற்கும் முந்தியது. தோமஸ் எடிசன் 1870களிலேயே அச்சொல்லைக் கையாண்டிருக்கின்றார்.

பூச்சி வந்தால் பூச்சிமருந்தும் வரவேண்டுமன்றோ? 1950களின் பிற்பகுதியிலே அமெரிக்காவின் எம்.ஐ.ரி. என்னும் தொழினுட்ப நிறுவனத்திலே, செய்நிரல் ஓடும்போதே அதனை நிறுத்தி அதன் உள்ளே இருக்கும் பெறுமானங்களைப் பார்க்க உதவும் கருவிச் செய்நிரல் ஒன்றை ஆக்கினார்கள். அதற்கு "பிளிட்" என்று பெயர் வைத்தனர். பிளிட் என்பது வீடுகளிலே கைப்பம்பினால் அடித்த பூச்சிமருந்தின் பெயர். அதன்பின் 1961ஆம் ஆண்டளவில் பி.டி.பி. ஒன்று என்னும் கணினிக்கு ஆக்கிய கருவிக்கு டி.டி.ரி. என்று பெயரிட்டனர். டி.டி.ரி. என்றவுடன் நமது கேகாலைப் பெரியோர்க்கு நினைவுக்கு வருவது வேறொன்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிலே ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்ட மலேரியாக் கொள்ளைநோய், கேகாலை, குருநாகல் மாவட்டங்களையே மிகக் கடுமையாகத் தாக்கியது. 1946ஆம் ஆண்டு தொடக்கம் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு, 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் 17 பேருக்கே நோய் காணப்பட்டது. "ஒழிந்தது" என்று எண்ணித் தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1967 முதல் 1969 வரையான காலத்தில் அதே நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. பின்னர் இரத்தத்தைச் சோதித்து, ஒவ்வொரு நோயாளியையும் தேடிக் கண்டு, விடாது கண்காணித்ததன் பயனாகவே, 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று உறுதிப்படுத்தியது. மருந்து ஒரு பாதி. விடாது பார்த்துக்கொண்டிருப்பது மறு பாதி. செய்நிரல் வழுவுக்கும் இது பொருந்தும்.

கணினித் தொழிலின் தொடக்க நாட்களிலேயே இதன் அருமையை உணர்ந்தவர்கள் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தினர். அங்கே மொறிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் எட்சாக் என்னும் கணினி 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் இயங்கத் தொடங்கிற்று. தாம் எழுதும் செய்நிரல்களிலே தாமே விடும் வழுக்களைத் தேடுவதிற் பெரும் பொழுது கழியப் போகின்றது என்பதை வில்க்ஸ் விரைவிலே உணர்ந்தார். அக்கணினியின் நினைவகத்தில் இருப்பவை சிறிய திரையொன்றிலே புள்ளிகளாய்த் தெரியும். கணினியை நிறுத்தி அப்புள்ளிகளை எட்டிப் பார்ப்பது சிலரது வழக்கமாயிற்று. ஆனால் கணினி ஒன்று, அதற்குக் காத்திருப்போர் பலர். ஒருவர் நின்று புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தால் ஏனையோர் வேலை என்னாவது? இருபதுகளில் இருந்த இளைஞர் ஸ்ரான்லி கில் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டு 1951ஆம் ஆண்டிலே கட்டுரையாக வெளியிட்டார். செய்நிரல் நடக்கும்போதே, அது செய்யும் ஒவ்வொரு செயலையும் தாளிலே அச்சிட்டுக்கொண்டு செல்லும் துணைச் செய்நிரல் அது. அத்தாளைக் கொண்டுபோய் ஆறுதலாக அமர்ந்து ஆராயலாம். கணினி எத்தனையோ மடங்கு பெருகிய இன்றும், நாம் செய்வதன் சாரம் அவ்விளைஞர் செய்ததே.

நிற்க. இனி ஓர் எடுத்துக்காட்டு. இது விளக்கத்துக்காக நாம் கட்டிய கணக்கு. எந்தத் தோட்டத்தையும் குறிப்பதன்று.

ஒரு தோட்டத்திலே நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்து 18 கிலோ. அதற்கு மேற் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 ரூபா தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரு தாயார் ஆறு நாட்களிற் பறித்த நிறை இவ்வாறு: திங்கள் 24, செவ்வாய் 15, புதன் 20, வியாழன் 18, வெள்ளி 16, சனி 22. இதற்குச் செய்நிரல் எழுதும் ஒருவர், "மேலதிகம்" என்று ஒரு மாறியை வைத்து, தொடக்கத்தில் அதனைச் சுழியாக்கி, ஒவ்வொரு நாளும் நிறையிலிருந்து 18ஐக் கழித்து வருவதை அதனோடு கூட்டும்படி எழுதுகின்றார். ஓட்டிப் பார்க்கின்றார். விடை 7 கிலோ. 280 ரூபா. விடை அழகாக இருக்கின்றது. எண் பெரிதுமன்று, சிறிதுமன்று. கணினி எவ்விதமான எச்சரிக்கையும் செய்யவில்லை. யார் சந்தேகப்படுவார்?

இப்பொழுது விடையை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் முடிந்தவுடன் "மேலதிகம்" என்ற மாறியின் பெறுமானத்தை எழுதிப் பார்ப்போம்.

திங்கள்: 6
செவ்வாய்: 3
புதன்: 5
வியாழன்: 5
வெள்ளி: 3
சனி: 7

செவ்வாய்க்கிழமையை உற்று நோக்குங்கள். ஆறாக இருந்தது மூன்றாகக் குறைந்துவிட்டது. மேலதிகமாகப் பறித்த கிலோ சேர்ந்துகொண்டு போகலாம், சேராமல் நிற்கலாம், குறைய நியாயமே இல்லை. திங்கட்கிழமை அந்தத் தாயார் உழைத்து ஈட்டிய ஆறு கிலோவிலிருந்து, செவ்வாய்க்கிழமைக் குறைவை அவர் அறியாமலே செய்நிரல் கழித்துக்கொண்டது. 15இலிருந்து 18ஐக் கழித்தால் மறை மூன்று. அந்த மறை எண்ணையும் கூட்டியதே வழு. "18க்கு மேற்பட்டால் மாத்திரம் கூட்டுக" என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் பெறுமானங்கள் 6, 6, 8, 8, 8, 12 என்று செல்லும். சரியான விடை 12 கிலோ, 480 ரூபா. ஒரு கிழமையில் 200 ரூபா வேறுபாடு. ஒரு தோட்டத்திலே முந்நூறு பேர் கொழுந்து பறித்தால், ஓர் ஆண்டில் இது எவ்வளவாகும் என்பதை வீட்டிலே கணக்கிட்டுப் பாருங்கள்.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து மூன்று பாடங்களை எடுக்கலாம். முதலாவது, பார்ப்பதற்கு முன்னரே எதிர்பார்ப்பை எழுதி வைக்க வேண்டும். "செவ்வாய்க்கிழமை இம்மாறி ஆறாக இருக்க வேண்டும்" என்ற எண்ணம் நம்மிடம் இல்லாவிட்டால், திரையிலே மூன்று தோன்றினாலும் கண் அதனைக் கடந்து போய்விடும். மிஷன் பாடசாலையில் எமக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர், விடையை மாத்திரம் எழுதும் மாணவனுக்குப் புள்ளி கொடுக்கமாட்டார். செய்கை வழியைக் காட்டச் சொல்வார். அன்று அது கடுமையாகத் தோன்றியது. இன்று அதன் நியாயம் விளங்குகின்றது.

இரண்டாவது, மாறியின் இயல்பு இன்னதென்று அறிந்து வைக்க வேண்டும். குறையக்கூடாதது எது, சுழிக்குக் கீழே போகக்கூடாதது எது, 31ஐத் தாண்டக்கூடாதது எது என்று ஒவ்வொரு மாறிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மாதத்தின் வேலை நாள் 34 என்று ஒரு மாறி காட்டினால் அதற்குமேல் ஆராய்ச்சி எதற்கு? வழு அகப்பட்டுவிட்டது.

மூன்றாவது, பாதி பாதியாகத் தேட வேண்டும். ஆயிரம் படிகள் கொண்ட கணக்கிலே எல்லாப் படியையும் பார்க்கத் தேவையில்லை. ஐந்நூறாவது படியிலே பாருங்கள். பெறுமானம் அங்கே சரியாயின் வழு பின் பாதியில். பிழையாயின் முன் பாதியில். மீண்டும் அந்தப் பாதியின் நடுவிலே பாருங்கள். இவ்வாறு பத்து முறை பார்த்தால் ஆயிரம் படிக்குள் பிழைத்த படியைப் பிடித்துவிடலாம்.

பார்ப்பதற்குரிய வழிகள் யாவை? க.பொ.த. உயர்தரத்திலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கும் தம்பி தங்கையரை நோக்கிக் கூறுகின்றோம். முதல் வழி தாளும் பென்சிலும். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல் கீறி, செய்நிரலின் வரிகளை நாமே கணினியாக இருந்து ஒவ்வொன்றாகச் செய்து, பெறுமானம் மாறுந்தோறும் கீழே எழுதிச் செல்வது. வீட்டிலே கணினி இல்லாத பிள்ளைகள் லயத்து வாசலில் இருந்தே இதனைச் செய்யலாம். சோதனைத் தாளிலும் இதுவே கேட்கப்படும். இரண்டாம் வழி, செய்நிரலின் நடுவே "இம்மாறியின் பெறுமானத்தைத் திரையில் எழுது" என்று ஒரு வரியைச் செருகுவது. உயர்தரத்துப் பைதன் மொழியிலே "பிரின்ற்" என்ற ஒரு சொல்லே இதற்குப் போதும். வெறும் எண்ணை எழுதாமல், எந்த நாள், எந்த மாறி, எந்தப் பெறுமானம் என்று மூன்றையும் சேர்த்து எழுதச் செய்வது நன்று.

மூன்றாம் வழி, வழுநீக்கி என்னும் கருவி. பைதனுடன் இலவசமாகவே அது கிடைக்கின்றது. ரிச்சாட் ஸ்ரோல்மன் 1986ஆம் ஆண்டிலே எழுதிய ஜி.டி.பி. என்னும் வழுநீக்கியும் யாவருக்கும் இலவசம். "இந்த வரிக்கு வந்ததும் நில்" என்று ஒரு நிறுத்தப் புள்ளியை இட்டால் செய்நிரல் அங்கே நின்றுவிடும். அப்பொழுது எல்லா மாறிகளின் பெறுமானங்களையும் ஒரு பக்கத்திலே பட்டியலாகக் காணலாம். பின்னர் ஒவ்வொரு வரியாக நடத்திச் செல்லலாம். இன்னும் ஒன்று உண்டு. ஒரு மாறியைக் குறித்து, "இதன் பெறுமானம் மாறும்போது நில்" என்று ஜி.டி.பி.யிடம் ஆணையிடலாம். யார் எப்பொழுது கரும்பலகையில் எழுதுகின்றார் என்று காவல் இருப்பதற்கு இது ஒப்பாகும். மேற்கூறிய கணக்கிலே இக்காவலை வைத்திருந்தால், செவ்வாய்க்கிழமையன்று ஆறு மூன்றாகிய அக்கணமே செய்நிரல் நின்று நமக்குக் காட்டிக் கொடுத்திருக்கும்.

ஒரு முறை பார்த்துச் சரியாக இருந்துவிட்டால் எப்பொழுதும் சரியாக இருக்கும் என்று எண்ணலாகாது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரின்போது சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரிலே நிறுத்தப்பட்டிருந்த பேற்றியற் ஏவுகணைத் தொகுதி நேரத்தைப் பத்திலொரு நொடியாக எண்ணிக்கொண்டிருந்தது. பத்திலொன்று என்பது நமக்கு எளிய எண்; இரண்டையே அடியாகக் கொண்டு எண்ணும் கணினியிலே அது முடிவில்லாது நீளும் பின்னம். ஆகவே அதனைச் சிறிது வெட்டியே வைக்க முடியும். வெட்டுப்பட்டது மிக மிகச் சிறிது. ஆனால் தொகுதி ஏறக்குறைய 100 மணித்தியாலம் தொடர்ந்து இயங்கியபோது அது சேர்ந்து சேர்ந்து 0.34 நொடியாயிற்று. எதிர்வந்த ஏவுகணை அத்தனை நேரத்திலே அரைக் கிலோமீற்றருக்கு மேற் செல்லும். பெப்ரவரி 25ஆந் திகதி அதனைத் தடுக்கத் தவறியதால் 28 வீரர் மாண்டனர். முதல் மணித்தியாலத்திலே பார்த்திருந்தால் எல்லாம் சரியாகவே தோன்றியிருக்கும். பணக் கணக்கு எழுதுவோர் ரூபாவைப் பின்னமாக வைக்காமல் சதமாக, முழு எண்ணாக வைத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

கண்ணுக்குத் தெரிவதே உள்ளே இருப்பது என்றும் நம்பிவிடக்கூடாது. தமிழ்ப் பெயர்களைக் கணினியிற் பதியும் நமக்கு இது மிக வேண்டிய அறிவு. உலக எழுத்துகளையெல்லாம் எண்களாகக் குறிக்கும் யூனிக்கோட் முறையிலே தமிழுக்கும் இடம் உண்டு. "தமிழ்" என்னும் சொல் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கோ ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இவை பொதுவாகக் கையாளும் சேமிப்பு முறையிலே பதினைந்து பைற்று இடம் பிடிக்கும். "பெயருக்கு இருபது பைற்றுப் போதும்" என்று ஆங்கிலப் பெயரை நினைத்துச் செய்நிரல் எழுதினால், தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படும். நீளம் என்னும் மாறியை ஒரு தரம் நோக்கியிருந்தால் இது முன்னரே தெரிந்திருக்கும்.

இதனினும் நுட்பமான ஒன்றைக் கேளுங்கள். பொன்னம்மா என்ற பெயரின் முதலெழுத்தை இரு வகையாகப் பதியலாம். பகரத்தின் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக இடலாம். அல்லது கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் இரு குறிகளாக இடலாம். திரையிலே இரண்டும் ஒன்றே போலத் தோன்றும்; அச்சிலும் ஒன்றே. ஆயினும் "இவ்விரண்டும் ஒன்றா?" என்று கணினியைக் கேட்டால் "அல்ல" என்று விடை கூறும். ஒரே அம்மையார் இரண்டு ஆட்களாகப் பதியப்படவும், அவரது வைப்புப் பணம் இரு பெயரிலே பிரிந்து கிடக்கவும் இடமுண்டு. இங்கே எழுத்தைப் பார்த்துப் பயனில்லை. எழுத்துக்குப் பின்னால் உள்ள எண்களைத் திரைக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். பதியும்போதே இரு வகையையும் ஒரே வகையாக மாற்றிவிடும் முறை யூனிக்கோட்டிலேயே வகுக்கப்பட்டுள்ளது. அதனைக் கையாள்வது தமிழ்ப் பிள்ளைகளின் கடமை. பிறர் இதனை அறிந்து செய்வர் என்று காத்திருக்கலாகாது.

பெரியோர்களே, இனி நாம் முதலிலே வாக்களித்த செய்திக்கு வருகின்றோம். பெறுமானத்தைப் பார்க்கும் வசதி ஒருவரிடம் இருந்து, மற்றவரிடம் இல்லாவிட்டால் என்ன நிகழும்? இதற்கு இங்கிலாந்திலே நடந்த வழக்கு ஒன்று சான்று. அந்நாட்டு அஞ்சல் அலுவலகம் 1999ஆம் ஆண்டு தொடக்கம் ஹொரைசன் என்னும் கணினிக் கணக்கு முறையை ஊர் ஊராக உள்ள துணை அஞ்சலகங்களிலே புகுத்திற்று. பின்னர் சில இடங்களிலே, கையிலே உள்ள பணம் கணினி காட்டும் தொகையைவிடக் குறைவாக இருந்தது. குறைவை அந்தத் துணை அஞ்சலதிபரே கட்ட வேண்டும் என்றார்கள். கட்டியவர் வீடு விற்றனர். கட்டாதவர் நீதிமன்றம் சென்றனர். 1999 முதல் 2015 வரை 900க்கு மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சீமா மிஸ்ரா என்னும் இந்திய வம்சாவளிப் பெண்மணி 2010ஆம் ஆண்டிலே கருவுற்றிருந்த நிலையிற் சிறை சென்றார்.

அந்தக் கணினி முறையிலே வழுக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, 2015ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தின் டல்மெலிங்ரன் என்னும் ஊரிலே வெளிப்பட்டதனால் அவ்வூரின் பெயரையே பெற்றது. 8,000 பவுண் பணம் வந்ததைப் பதிவதற்கு ஒருவர் விசையை அழுத்துகின்றார். திரை மாறவில்லை; ஆகவே மீண்டும் அழுத்துகின்றார். ஒவ்வோர் அழுத்தமும் தனி வரவாகப் பதியப்பட்டு, 8,000 பவுண் 32,000 ஆயிற்று. இல்லாத 24,000 பவுணுக்கு அவர் பொறுப்பாளி என்று கணக்குக் காட்டிற்று. 8,000, 16,000, 24,000, 32,000 என்று அம்மாறி ஏறியதை இடையிலே ஒருவர் கண்டிருந்தால், இது ஒரே வரவு நான்கு முறை ஏறியது என்பதைச் சிறு பிள்ளையும் கூறும். ஆனால் அஞ்சலகத்திலே அமர்ந்திருந்தவர்க்கு இடைப் பெறுமானங்களைப் பார்க்கும் வழி இருக்கவில்லை. இறுதித் தொகை மாத்திரமே அவர் முன் நின்றது. "கணினி பொய் சொல்லாது" என்று கூறினவர்களுக்கு விடையிறுக்க அவரிடம் சான்று இல்லை.

அலன் பேற்ஸ் என்பவரும் அவரைச் சேர்ந்தோருமாக 555 பேர் வழக்காடி, 2019ஆம் ஆண்டு டிசெம்பரிலே, அம்முறையில் வழுக்கள் இருந்தன என்ற தீர்ப்பைப் பெற்றார்கள். 2021ஆம் ஆண்டிலே சீமா மிஸ்ரா உட்பட 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் நீக்கியது. 2024ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் தனிச் சட்டமியற்றி ஏனைய பலரது தீர்ப்புகளையும் நீக்கிற்று. ஆயினும் இழந்த வீடும் மானமும் போன ஆண்டுகளும் சட்டத்தினால் மீளுமா? சிலர் அந்தத் தீர்ப்பைக் காணாமலே இறந்துபோயினர்.

இந்தச் செய்தியை ஏன் இங்கே விரித்தோம்? நமது தோட்டங்களிலும் செக்ரோல் கணக்கு கையெழுத்திலிருந்து கணினிக்குச் சென்றுகொண்டிருக்கின்றது. தொங்கு தராசு நின்ற சில இடங்களிலே மின்னணுத் தராசு வந்துவிட்டது. இதனை நாம் வெறுக்கவில்லை. கணினி சோர்வடையாது, முகம் பார்த்து நிறை போடாது. ஆனால் கணினிக்குக் கட்டளை எழுதுபவர் மனிதரே. அவர் வேண்டுமென்றே பிழை செய்யாவிட்டாலும் நாம் முன்னே கண்ட மறை மூன்று எங்கேனும் நுழைந்துவிடலாம். அதனைக் கண்டுபிடிக்க வல்லவர் யார்? அலுவலகத்தில் இருப்பவருக்கு 7 கிலோ என்பது ஓர் எண். செவ்வாய்க்கிழமை தாம் எவ்வளவு பறித்தோம் என்பது கொழுந்து பறித்த தாயாருக்கே தெரியும். எதிர்பார்க்க வேண்டிய பெறுமானம் அவரிடத்தில் இருக்கின்றது. கிடைத்த பெறுமானம் அலுவலகத்தில் இருக்கின்றது. இரண்டையும் அருகருகே வைத்தாலன்றி வழு தெரியாது.

ஆகவே தாய்மார்களிடம் ஒரு விண்ணப்பம். காலை, பகல், அந்தி என்று கொழுந்து நிறுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணை ஒரு சிறு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத இயலாதவர்க்கு வீட்டுப் பிள்ளைகள் மாலையிலே கேட்டு எழுதிக் கொடுக்கட்டும். ரப்பர் பால் வெட்டுவோரும் தமது அன்றாட அளவை அவ்வாறே குறித்து வைக்கலாம். மாத முடிவிலே சம்பளத் துண்டு வரும்போது, கடைசி வரியை மாத்திரம் பார்த்து மடித்து வைக்காமல், ஒவ்வொரு வரியையும் கொப்பியோடு ஒப்பிடுங்கள்.

கணக்குக் கடினமானதன்று. 2021ஆம் ஆண்டிலே நாட்சம்பளம் 1,000 ரூபாவாக்கப்பட்டது. அதன்பின் அது உயர்ந்திருக்கின்றது. கணக்கு எளிதாகும் பொருட்டு அந்த 1,000 ரூபாவையே எடுத்துக்கொள்வோம். 25 பேர் விழுந்தால் 25,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் கழிப்பது நூற்றுக்கு 8. அதாவது 2,000 ரூபா. நிருவாகம் தன் பங்காகச் சேர்க்க வேண்டியது நூற்றுக்கு 12. அதாவது 3,000 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிருவாகமே கட்டுவது நூற்றுக்கு 3. அதாவது 750 ரூபா. துண்டிலே 2,000 கழிக்கப்பட்டிருந்தால், சேமலாப நிதிக் கணக்கிலே அம்மாதத்துக்கு 5,000 ஏறியிருக்க வேண்டும். ஏறியதா என்று பார்ப்பதே மாறியைப் பார்ப்பது. முப்பது ஆண்டு கழித்து இறுதித் தொகையைப் பார்த்து, "குறைவுபோலத் தெரிகின்றதே" என்று கலங்குவதிலே பயனில்லை. அன்று எந்த மாதத்திலே பிழைத்தது என்று யாராலே தேடிக் கூற முடியும்?

இளைஞர்க்கும் ஒரு கடமை உண்டு. நம்முட் சிலர் நாளைக்கு இத்தகைய செய்நிரல்களை எழுதும் தொழிலுக்குச் செல்வோம். நமது மாகாணத்திலேயே, பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயாவிலே உள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்திலே கணினிக் கல்வி புகட்டப்படுகின்றது. அங்கும் பிற இடங்களிலும் கற்று வெளியேறும் நம் பிள்ளைகள் எழுதும் செய்நிரலிலே, இறுதி விடையோடு இடைக்கணக்கும் அச்சாகட்டும். யாருடைய கணக்கோ அவர் விரும்பும்போது தம் இடைக்கணக்கைத் தமிழிலே பார்க்கும் வசதி இருக்கட்டும். அதேவேளை, ஒருவரின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் பிறர் கண்ணிற் படாதவாறும் காக்க வேண்டும். வழுத் தேடும்போது அச்சிட்ட தாள்களைக் கண்ட இடத்திலே விட்டுச் செல்வது பொறுப்புள்ளவர் செயலன்று.

இனி, மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சம்பளத் துண்டு வந்தபின், மன்ற மண்டபத்திலே இரண்டு மணி நேரம் நாம் அமர்வோம். உயர்தர வகுப்பு மாணவர் துண்டையும் கொப்பியையும் ஒப்பிட்டுக் கொடுப்பார்கள். வேறுபாடு கண்டால், சண்டைக்குப் போகாமல், "இந்தத் திகதியிலே இந்த எண் எப்படி வந்தது என்று தயவுசெய்து காட்டுங்கள்" என்று ஒரு தாளிலே எழுதிக் கேட்போம். காரணமின்றி ஐயுறுவது நம் நோக்கமன்று. கணக்கு சரியாக இருந்தால் அலுவலகத்தார்க்கும் அது நற்பெயரே. இதனாலே மாணவர்க்குக் கணக்குப் பழகும். பெரியோர்க்கு உரியது கிடைக்கும்.

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் கூறி வந்தனர். கணினித் திரையிலே கண்டதற்கும் அது பொருந்தும். முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய கொப்பிகளையும் பென்சில்களையும் எம்முடன் பயிலும் மாணவர் சேர்த்துத் தருவதாகக் கூறியிருக்கின்றனர். வரக்கூடியவர்கள் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.